யாரும் சொல்லிக்கொடுக்காத அறிவு

காலையில் கொஞ்சம் சீக்கிரமே மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இரவு வலையில் வந்த ஊசிக்கணவாய், இன்னும் ஐஸில் ஊறாததாக ஒன்றைக் கையில் எடுத்துத் தோலை உற்றுப் பாருங்கள். பழுப்பும் சிவப்புமாகப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் இருக்கும். கட்டைவிரலால் லேசாக ஒரு தேய் தேய்த்துவிட்டு விரலை எடுங்கள். புள்ளிகள் மளமளவென்று விரியும். ஒன்றோடொன்று சேர்ந்து அந்த இடமே சிவக்கும். பிறகு மறுபடி சுருங்கி ஊசிமுனை அளவுக்குப் போய்விடும். உயிர் போய் நேரமாகியிருக்கும். தோல் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நிறப்பை. பையைச் சுற்றிலும் நுண்ணிய தசைகள் பிடித்திருக்கின்றன. தசை இழுத்தால் பை தட்டையாக விரிந்து நிறம் தெரியும். விட்டால் சுருங்கி மறையும். உயிரோடு இருக்கும்போது இந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து நேராக நரம்பு வருகிறது. அதனால்தான் பச்சோந்திக்கு நிமிடக் கணக்கில் ஆகும் நிறமாற்றம், கணவாய்க்கும் அதன் நெருங்கிய உறவான ஆக்டோபஸுக்கும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இந்த நிறப்பைகளுக்குக் கீழே ஒளியைத் திருப்பியனுப்பும் செல் அடுக்குகள் வேறு உண்டு. நீலம், பச்சை, வெள்ளிப் பளபளப்பு எல்லாம் அங்கிருந்து வருகின்றன.

இதில் என்னை உட்காரவைத்த செய்தி ஒன்று உண்டு. இத்தனை நிறம் காட்டும் ஆக்டோபஸின் கண்ணில் ஒளியை வாங்கும் நிறமி ஒரே வகைதான். நமக்கு மூன்று. அதாவது, நாம் நிறம் பார்க்கிற முறையில் அது நிறம் பார்ப்பதில்லை. ஆனாலும் பவளத்தின்மேல் உட்கார்ந்தால் பவளமாகிவிடுகிறது, மணலில் உட்கார்ந்தால் மணலாகிவிடுகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண்ணில் இருக்கும் அதே ஒளி உணர்வுப் புரதம் ஆக்டோபஸின் தோலிலும் இருப்பதும், வெட்டியெடுத்த தோலில்கூட வெளிச்சம் பட்டால் நிறப்பைகள் விரிந்துகொள்வதும் தெரியவந்தது. நிறம் பொருத்தும் வித்தை முழுதும் இதனால் விளங்கிவிடவில்லை. ஆனால் வெளிச்சத்தை உணர அந்த உடம்புக்குக் கண் மட்டும்தான் வழி என்பதில்லை.

அம்மாவின் ஊர்ப்பக்கம் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். இங்கே பினாங்கில் மலாய் மீனவர்களுக்கு சோத்தோங் கூரித்தா. எங்கள் வீட்டில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், ஆக்டோபஸ் எல்லாமே சோத்தோங்தான். சம்பாலில் போட்டால் தெரியவா போகிறது என்று அக்கா கேட்பாள். தெரியாதுதான். ஆனால் ஆக்டோபஸைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது. மூன்று இதயம், நீல இரத்தம், எட்டுக் கை என்று எல்லோரும் வியக்கும் விஷயங்களைவிட, இந்தப் பிராணி தன் அறிவு முழுவதையும் யாரிடமிருந்தும் வாங்காமல், ஒன்றிரண்டு வருஷத்துக்குள் தானாகவே சேர்த்துக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அதன் சொந்தக்காரர்கள் யார் என்று பார்த்துவிடலாம். சார் குவே தியா நூடுல்ஸில் போடுகிற கேரங் என்ற சின்னச் சிப்பி இருக்கிறதே, அது ஆக்டோபஸின் உறவு. நத்தை, சிப்பி, மட்டி, கணவாய் எல்லாம் மெல்லுடலி என்ற ஒரே பெரிய குடும்பம். கேரங்குக்கு மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. சில நரம்பு முடிச்சுகள், அவ்வளவுதான். இதே குடும்பத்தில் கடல்முயல் என்று வெளியே ஓடு தெரியாத நத்தை ஒன்று உண்டு. அதற்குச் சுமார் 20,000 நரம்பு செல்கள். அந்தக் கடல்முயலை வைத்து, நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்த எரிக் காண்டலுக்கு 2000இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சரி, ஆக்டோபஸுக்கு எத்தனை? சுமார் 50 கோடி. எலிக்கு ஏறக்குறைய 20 கோடிதான். ஓட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் குடும்பத்தில் இப்படி ஒன்று பிறந்திருக்கிறது.

நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை 50 கோடி வருஷங்களுக்கும் முன்னால் வாழ்ந்த ஏதோ ஒரு புழு. அதற்குப் பெரிய மூளை இருந்திருக்க வழியில்லை. ஆகவே நம் அறிவும் ஆக்டோபஸின் அறிவும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை அல்ல. உலகத்தில் இரண்டு தடவை, தனித்தனியாக வளர்ந்தவை. குரங்கிடமும் நாயிடமும் நாம் காணும் அறிவு, தூரத்து உறவாக இருந்தாலும் நம் வகைதான். இது அப்படியில்லை.

இதயம், இரத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தம் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்புக்குத் தள்ளுகிறது. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடும். அதனால் நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போகும்; ஊர்ந்து போவதையே விரும்பும். நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது இரும்பு, அதன் இரத்தத்தில் செம்பு. ஆகவே நீலம். கேரங்கை உடைத்தால் சிவப்பாக வருகிறதல்லவா, அதில் நம்மைப்போல் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு நீலம்.

மூளை விஷயம் இன்னும் விநோதம். ஆக்டோபஸின் மூளை உளுந்து வடை மாதிரி நடுவில் துளையோடு இருக்கிறது. அந்தத் துளை வழியாகத்தான் உணவுக்குழாய் போகிறது. பெரிய துண்டாக எதையாவது விழுங்கினால் மூளையை நெருக்கும். அதனால் அலகால் கடித்து, நாக்கில் உள்ள அரத்தால் சுரண்டி, கூழாக்கித்தான் உள்ளே தள்ளும். உடம்பிலேயே கெட்டியாகச் சொல்லக்கூடியது அந்த அலகு ஒன்றுதான். அலகு நுழையும் இடுக்கில் முழு ஆக்டோபஸும் நுழைந்துவிடும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு பக்கம். நேரில் பார்க்க பவளத்தீவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், முதல் பாலத்துக்குப் பக்கத்தில், மிடல் பேங்க் என்று ஒரு திட்டு இருக்கிறது. பாலத்தில் தினம் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான பேருக்கு அது வெறும் கலங்கல் தண்ணீர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் திட்டு வெளியே தெரியும். முழுக்கக் கடற்புல். புல்லுக்கு நடுவே கடல் அட்டை, நட்சத்திர மீன், கடல் சாமந்தி. பின்னால் திரும்பினால் அடுக்குமாடிக் கட்டடங்களும் பாலத்து லாரிகளும்.

ஜெலுத்தோங் பக்கத்துப் படகுத்துறையில் பழக்கமான ஒரு பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்), நீர் நன்றாக இறங்கும் நாட்களில் எங்களைக் கூட்டிப்போவார். அக்கா மகளும் வருவாள். அப்படிப் போன ஒரு காலையில், குழியில் தேங்கிய முழங்கால் ஆழத் தண்ணீரில் உடைந்த சிப்பி ஓடு ஒன்று கிடந்தது. ஓட்டுக்குக் கீழே சேறு லேசாக மூச்சு விட்டது. குனிந்து பார்த்தபோதுதான் அது சேறு இல்லை என்று தெரிந்தது. உள்ளங்கை அளவுள்ள ஆக்டோபஸ். பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் மணல் துகள்கள் அசைந்தன. மேடாக ஒரு கண். கண்மணி படுக்கைக் கோடாக இருந்தது. தலையை எப்படிச் சாய்த்தாலும் அந்தக் கோடு மட்டும் படுக்கையாகவே இருக்கும் என்று படித்திருந்தேன், அன்று பார்த்தேன்.

என் நிழல் மேலே விழுந்ததும் உடம்பு முழுக்க வெளிறியது. வழுவழுப்பாக இருந்த தோலில் முள் முள்ளாய் மேடுகள் எழுந்தன. தோலுக்குள் இருக்கும் தசைகள் அந்த மேடுகளைத் தூக்குகின்றன. பாசி படிந்த கல்லுக்கும் இந்தத் தோலுக்கும் வித்தியாசமே தெரியாது. நாங்கள் அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி சேற்று நிறம் வந்தது. ஒரு கை மட்டும், மற்ற ஏழுக்கும் தெரியாததுபோல், ஓட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து அக்கா மகளின் ரப்பர் காலணியின் விளிம்பைத் தொட்டது. உறிஞ்சிகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டின. அப்புறம் அதே வரிசையில் விட்டன.

"சின்னம்மா, அது என் ஷூவை டேஸ்ட் பண்ணுதா?" என்றாள்.

அப்படித்தான். அவள் சொன்னதில் ஓர் எழுத்து மாற்ற வேண்டியதில்லை. ஹார்வர்டில் நிக்கோலஸ் பெலோனோவின் ஆய்வுக்கூடம் 2020இல் இதை விளக்கியது. ஆக்டோபஸின் உறிஞ்சிகளில், தண்ணீரில் எளிதில் கரையாத வேதிப் பொருட்களை உணரும் தனி செல்கள் இருக்கின்றன. தொடுவதும் ருசிப்பதும் அதற்கு ஒரே காரியம். கண்ணுக்குத் தெரியாத பொந்துக்குள் கையை விட்டாலும், அகப்பட்டது நண்டா கல்லா என்று உறிஞ்சியே சொல்லிவிடும். ரப்பர் ருசியாக இருந்திருக்காது.

அந்தக் கை தனியாக வேலை செய்ததுபோல் இருந்தது என்றேன் அல்லவா, அது வெறும் தோற்றம் இல்லை. 50 கோடி நரம்பு செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. மூளை 'அங்கே போ' என்று பொதுவாகச் சொல்கிறது. எப்படி வளைவது, எந்த உறிஞ்சி பிடிப்பது, எது விடுவது என்பதில் பெரும்பகுதியைக் கையே பார்த்துக்கொள்கிறது. வெட்டுப்பட்ட கைகூடக் கொஞ்ச நேரம் தொட்டதைப் பிடிக்கும். அப்படியானால் எட்டுக் கையும் ஏன் ஒன்றையொன்று பிடித்துச் சிக்கிக்கொள்வதில்லை? ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தினர் 2014இல் விடை சொன்னார்கள். வெட்டுப்பட்ட கை எதை வேண்டுமானாலும் பிடித்தது, ஆக்டோபஸின் தோலை மட்டும் பிடிக்கவில்லை. தோலுரித்த துண்டைக் கொடுத்தபோது பிடித்தது. தோலில் உள்ள ஏதோ ஒரு பொருள் 'இது வேண்டாம்' என்று உறிஞ்சியிடம் சொல்கிறது. மூளைக்குத் தன் கைகள் எங்கே இருக்கின்றன என்று முழுக் கணக்கு வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை.

இப்படி உடம்பெல்லாம் அறிவு பரவிய ஒன்றுக்கு 'நான்' என்ற உணர்வு எங்கே இருக்கும், ஒன்றா ஒன்பதா? அது எனக்கு ஓயாத யோசனை.

பாக்சிக்குக்கு இந்த ஆய்வெல்லாம் தேவையில்லை. நண்டுக்கூண்டில் ஆக்டோபஸ் வந்துவிட்டால் வாளியில் போட்டு, மேலே துணி போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். ஏன் என்று கேட்டேன். "கட்டலேன்னா இறங்கிப் போயிடும் ஆடிக். வாளி ஓரத்துல கையை வெச்சு முதல்ல பார்க்கும். நான் வலையைப் பிரிக்க அந்தப் பக்கம் திரும்பினதும் கிளம்பும்" என்றார் மலாயில். ஆடிக் என்றால் தங்கச்சி. ஆள் திரும்புகிற நேரம் பார்த்துக் கிளம்புகிறது என்பது அவருடைய அனுபவம். நான் அதை நம்புகிறேன். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகர மீன் காட்சியகத்தில் இங்கி என்ற ஆக்டோபஸ் செய்ததும் இதுதான். தொட்டி மூடி சரியாக மூடாத ஓர் இரவில் வெளியே வந்து, தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய்க்குள் இறங்கிக் கடலுக்கே போய்விட்டது.

ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ரோலண்ட் ஆண்டர்சன், ஜெனிஃபர் மேதர் ஆகியோர் நடத்திய சோதனை 2010இல் வெளியானது. ஒரே மாதிரி சீருடை போட்ட இரண்டு பேர். ஒருவர் எப்போதும் சாப்பாடு கொடுப்பார். மற்றவர் முரட்டு முனையுள்ள குச்சியால் லேசாகத் தொட்டுத் தொந்தரவு செய்வார். இரண்டு வாரத்துக்குள், சும்மா வந்து நின்றாலே, முதல் ஆளிடம் நெருங்கியும் இரண்டாவது ஆளிடமிருந்து விலகியும் போயின ராட்சத பசிபிக் ஆக்டோபஸ்கள். இதற்கும் முன்பே, 1999இல், அதே இருவரும் இன்னொன்றைப் பதிவு செய்திருந்தார்கள். தொட்டியில் மிதக்கவிட்ட காலி மாத்திரைப் புட்டியைச் சில ஆக்டோபஸ்கள் குழாய் நீரைப் பீய்ச்சித் தள்ளிவிட்டன, தொட்டியின் நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது, மறுபடி தள்ளின. திரும்பத் திரும்ப. சாப்பிட முடியாத ஒன்றோடு, எந்த ஆதாயமும் இல்லாமல். விளையாட்டு என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க முடியவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தேங்காய்க்கதை. நம் பக்கத்துக் கதைதான். சுலாவெசி, பாலி கடலோரங்களில், மனிதர்கள் பாதியாக உடைத்துத் துருவிவிட்டு எறிந்த கொட்டாங்கச்சி கடலுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் ஒருவகை ஆக்டோபஸ், சேற்றில் புதைந்த கொட்டாங்கச்சியைத் தோண்டியெடுத்து, நீரைப் பீய்ச்சிக் கழுவி, வயிற்றுக்கடியில் கவிழ்க்காமல் வைத்துக்கொண்டு, கைகளை விறைப்பாக ஊன்றி நடக்கிறது. இரண்டு பாதி கிடைத்தால் ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கிக்கொள்கிறது. சுமக்கும்போது அதனால் எந்தப் பயனும் இல்லை, வேகம்தான் குறைகிறது. ஆபத்து வரும்போது உள்ளே உட்கார்ந்து மற்ற பாதியை மூடிக்கொள்கிறது. ஜூலியன் ஃபின், டாம் ட்ரெகென்ஸா, மார்க் நார்மன் ஆகியோர் இதை 2009இல் வெளியிட்டார்கள். பின்னால் தேவைப்படும் என்று ஒரு பொருளை இப்போதே சுமந்து போவது முதுகெலும்பில்லாத பிராணிகளிடம் அதற்கு முன் காணாதது. இந்த வகை இந்தியப் பெருங்கடல் முதல் மேற்குப் பசிபிக் வரை பரவி வாழ்கிறது.

நம் வீட்டுத் தேங்காய்த் துருவலின் மிச்சம் அதற்கு வீடாகிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இனிதான் முக்கியமான இடம். இத்தனையும் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

யாருமில்லை. ஆக்டோபஸின் வாழ்க்கை பெரும்பாலும் தனிமை. ஆணும் பெண்ணும் சேர்வது கொஞ்ச நேரம்தான். ஆணுக்கு ஒரு கையே அதற்கென்று மாறியிருக்கும். அதன் வழியாக விந்துப் பொதியைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில மாதங்களில் ஆண் இறந்துவிடும். பெண் பொந்துக்குள் போய், கூரையில் சரம் சரமாக முட்டையைத் தொங்கவிடும். சாதாரண ஆக்டோபஸ் லட்சத்துக்கும் மேல் இடும். அன்றிலிருந்து சாப்பாடு நின்றுவிடும். முட்டைகளைக் கைகளால் தடவிச் சுத்தம் செய்வதும், நல்ல தண்ணீர் படும்படி குழாயால் ஊதுவதும்தான் வேலை. வாசலில் நண்டு போனாலும் தொடாது. தசை கரையும், தோல் வெளுக்கும், கண் மங்கும். குஞ்சு பொரியும் சமயத்தில், அல்லது சில நாளில், தாய் இறந்துவிடும்.

இது வெறும் களைப்பால் வரும் சாவு அல்ல என்று 1977இல் ஜெரோம் வொடின்ஸ்கி காட்டினார். ஆக்டோபஸின் கண்களுக்கு இடையில் கண்சுரப்பி என்று ஒன்று உண்டு. முட்டையிட்ட தாயிடமிருந்து அதை அறுத்து எடுத்தார். தாய் முட்டையை விட்டுவிட்டது, சாப்பிட ஆரம்பித்தது, உடம்பு தேறியது, பல மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தது. அப்படியானால் சாவு உடம்புக்குள்ளேயே நேரம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. படித்த அன்று எனக்கு அந்தத் தாயை நினைத்து மனசு கனத்துப்போனது. வாழ முடியும், வாழவிடாமல் ஒரு சுரப்பி தடுக்கிறது.

ஆழ்கடலில் இது இன்னும் நீளம். கலிபோர்னியாவின் மாண்டரே பள்ளத்தாக்கில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், பாறையில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த ஓர் ஆக்டோபஸை புரூஸ் ராபிசன் குழுவினர் 2007இல் பார்த்தார்கள். உடம்பிலிருந்த தழும்புகளை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் ரோபோவை இறக்கிப் பார்த்தார்கள். 2011 வரை அதே பாறையில், அதே முட்டைகள்மேல் இருந்தது. 53 மாதங்கள். அத்தனை முறையில் ஒருதடவைகூட அது சாப்பிட்டதை அவர்கள் காணவில்லை. ரோபோக் கையால் நண்டுத் துண்டை நீட்டியபோதும் வாங்கவில்லை. உலகத்தில் நமக்குத் தெரிந்த எந்தப் பிராணியும் இவ்வளவு காலம் அடைகாத்ததில்லை.

குஞ்சுகள் வெளியே வரும்போது தாய் இல்லை, தகப்பன் இல்லை, கூட்டம் இல்லை. பல வகைகளில் அவை அரிசிமணியைவிடச் சிறியதாகக் கடல் மேல்மட்டத்தில் வாரக்கணக்கில் மிதந்துவிட்டு, தப்பியவை மட்டும் அடிக்கு இறங்குகின்றன. எது உணவு, எது விஷம், கொட்டாங்கச்சியை எப்படித் தூக்குவது, வாளியில் எப்போது கிளம்புவது, எல்லாமே தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். பல வகைகளுக்கு ஆயுளே ஒன்றிரண்டு வருஷம். பெரிய பசிபிக் வகைக்கு மூன்று முதல் ஐந்து. கற்றுக்கொண்டதைச் சொல்லிவிட்டுப் போகவும் ஆளில்லை. அடுத்தது மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கும்.

நமக்கு ரசம் வைப்பதிலிருந்து சைக்கிள் ஓட்டுவது வரை யாராவது காட்டிக்கொடுத்தார்கள். யானைக்கும் பாட்டி இருக்கிறாள். அறிவு என்றால் அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வருவது என்றுதான் எனக்கு எண்ணம் இருந்தது. ஆக்டோபஸ் அதை அடியோடு மாற்றிவிட்டது. இதில் இன்னொரு வியப்பு: 1992இல் நேப்பிள்ஸில் கிராசியானோ ஃபியோரிட்டோ, பியட்ரோ ஸ்காட்டோ இருவரும், பழக்கப்பட்ட ஓர் ஆக்டோபஸ் சிவப்புப் பந்தையோ வெள்ளைப் பந்தையோ தேர்ந்தெடுப்பதைப் பக்கத்துத் தொட்டியிலிருந்து இன்னொன்று பார்க்கும்படி செய்தார்கள். பார்த்தது பிறகு அதே பந்துக்குப் போனது. பார்த்துக் கற்கும் திறமையும் இருக்கிறது! கற்றுத்தர ஆள் இருந்து, ஆயுளும் கொஞ்சம் நீண்டிருந்தால் இந்தப் பிராணி எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு நேரெதிர் வழியில் போனது பெலாங்காஸ், குதிரைலாட நண்டு. பெயரில்தான் நண்டு, சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய சொந்தம். 44 கோடி வருஷத்துக்கு முந்திய பாறையில் கிடைக்கும் அதன் மூதாதையைப் பார்த்தால் இன்றைய உருவம் அப்படியே தெரியும். தந்திரம் எதுவும் வேண்டாம், கெட்டியான ஓடும் பொறுமையும் போதும் என்று இருந்துவிட்டது. அதற்கும் நீல இரத்தம்தான். கிருமியின் நச்சு ஒரு துளி பட்டாலும் அந்த இரத்தம் உடனே உறைந்துவிடும். நமக்குப் போடும் ஊசிமருந்து சுத்தமாக இருக்கிறதா என்று பல பத்தாண்டுகளாக உலகம் சோதித்துவருவது இதை வைத்துத்தான். இதற்காக அதன் இரத்தத்தை எடுப்பதற்குப் பதில், அந்த உறைவைத் தொடங்கும் புரதத்தையே ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போவ் தம்பதி. அவர்கள் எடுத்துக்கொண்டது நம் சதுப்புநிலக் காடுகளில் வாழும் சின்ன வகைப் பெலாங்காஸ்.

அந்தச் சின்ன வகையைச் சாப்பிடக்கூடாது. டெட்ரோடோடாக்சின் என்ற நச்சு அதில் இருக்கும்; சமைத்தாலும் போகாது. உடம்பை ஊதிக்கொள்ளும் புந்தால் மீனில் இருப்பதும், நீலவளைய ஆக்டோபஸின் கடியில் இருப்பதும் அதே நச்சுதான். மூன்றும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத பிராணிகள். நரம்பில் சோடியம் போகும் வாசலை அது அடைத்துவிடும்; தசை செயலிழக்கும்; மூச்சு நிற்கும். கடிபட்டவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம், ஆனால் ஒரு விரல்கூட அசைக்க முடியாது. மாற்று மருந்து கிடையாது. ஆனால் நச்சு வடியும்வரை செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்க வைக்கலாம். ஆகவே உள்ளங்கையில் அடங்கும் ஆக்டோபஸ் அழகாக நீல வளையம் காட்டினால், அது எச்சரிக்கை. கையை எடுத்துவிடுங்கள்.

மூளையே இல்லாத ஒன்றைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். பெட்டி வடிவச் சொறிமீனுக்கு 24 கண்கள். மூளை கிடையாது. 2023இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் கார்ம் குழுவினர், கரீபியன் வகை ஒன்றைக் கோடு போட்ட தொட்டியில் விட்டார்கள். முதலில் சுவரில் முட்டிக்கொண்டது. சில நிமிடத்துக்குள் முட்டாமல் ஒதுங்கக் கற்றுக்கொண்டது. பினாங்குக் கடலிலும் பெட்டிச் சொறிமீன் வகைகள் உண்டு. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் குளிக்கிறவர்களுக்கு அதன் கொட்டு பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் வினிகர் ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆக்டோபஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ஊசிக்கணவாய் சாப்பிடுகிறேன், அதுவும் அறிவுள்ளதுதானே என்று கேட்டால், ஆமாம், அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. கடலில் போய்ப் பிடித்து வயிறு வளர்க்கும் பாக்சிக்கை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆக்டோபஸைத் தொட்டியில் அடைத்துப் பண்ணையாக வளர்ப்பது வேறு. ஸ்பெயின் நிறுவனம் ஒன்று கேனரி தீவுகளில் அதற்குத் திட்டம் போட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் 2024இல் அந்தப் பண்ணைகளைத் தடை செய்தன. பிரிட்டன் தன் 2022 விலங்குநலச் சட்டத்தில் ஆக்டோபஸையும் நண்டையும் உணர்வுள்ளவை என்று சேர்த்தது. தனியாக வாழப் பிறந்த, ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும், புட்டியோடு விளையாடும் ஒன்றை நூற்றுக்கணக்கில் ஒரே தொட்டியில் அடைப்பது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு கவலை இங்கேயே இருக்கிறது. பெருநிலப் பக்கம் செபராங் பிறையில் கோலா ஜூரு என்ற ஊர் கேரங்குக்குப் பேர்போனது. 1970களில் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து கேரங் அழிந்தபோது, மீனவர்கள் கூடி நின்று போராடினார்கள். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது. ஊர் மக்கள் மறுபடி கேரங் வளர்த்தார்கள். இன்று பினாங்குத் தீவின் தெற்குக் கடலோரத்தில் மண் கொட்டிச் செயற்கைத் தீவு எழுகிறது; மூன்று என்று திட்டமிட்டது 2023இல் ஒன்றாகக் குறைந்தது, அதே வருஷம் வேலையும் தொடங்கியது. மண் கொட்டினால் கிளம்பும் சேறு கடற்புல்லிலும் பவளத்திலும் படிகிறது. வெளிச்சம் இல்லாமல் புல் சாகும். புல் போனால் நண்டு போகும், நண்டு போனால் ஆக்டோபஸ் போகும். மிடல் பேங்கைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்க வேண்டும் என்ற பேச்சு பல காலமாக இருக்கிறது. பேச்சோடு நிற்காமல் அது சட்டமாக வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நீர்மட்ட அட்டவணையில் மிகத் தாழ்ந்த வற்றம் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திட்டில் இறங்கிவிடுங்கள்; நீர் ஏறத் தொடங்கினால் வேகமாக ஏறும், படகோட்டி கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் ஏறிவிட வேண்டும். மூடிய ரப்பர் காலணி போடுங்கள், சிப்பி அறுக்கும். புல்லின்மேல் முடிந்தவரை மிதிக்காதீர்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள், கீழே முட்டை இருக்கலாம். எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். குனிந்து பார்க்கும் பொறுமை அவர்களுக்குத்தான் அதிகம். பாக்சிக்கின் படகில் ஆறு பேர் உட்காரலாம். அடுத்த பௌர்ணமி வற்றத்துக்கு வருகிறவர்கள் எனக்கு எழுதுங்கள்.